பதினாறு வீட்டுக் குடியரசும் மூன்றாம் மாடி அக்காவும்

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் என்னை எல்லோரும் ‘மேடம்’ என்பார்கள். மூன்றாம் மாடியில் எனக்கு எதிர் வீட்டில் இருப்பவளை ‘அக்கா’ என்பார்கள். அவள் என்னைவிட வயதில் சிறியவள். எழுபதைத் தாண்டிய முதல் மாடிக்காரர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். இந்த ஒரு சொல்லுக்காக நான் வயிறெரிந்தது கொஞ்சநஞ்சமல்ல.

எனக்கு ஒரு பதவி இருந்தது. பதினாறு வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் தலைவி, அதுவும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவி. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் அரசியல் அறிவியல் சொல்லித்தருகிறவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வகுப்பில் பலகையில் எழுதிப் போட்டு அழிப்பதை எல்லாம் வண்ணார்பேட்டையில் ஒரு கட்டடத்துக்குள் நடத்திக் காட்ட எத்தனை பேருக்கு வாய்க்கும்?

நடத்திக் காட்டினேன் என்று சொன்னாலும், எனக்கு முன்பே அங்கே எல்லா வகை ஆட்சியும் நடந்து முடிந்திருந்தது. கட்டடத்தைக் கட்டி விற்றவர் இருந்தவரை முடியாட்சி. அவரை அண்ணாச்சி என்போம். கீழ்த்தளத்து வீட்டை விற்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டு அங்கிருந்து ஆண்டார். மோட்டார் போடுவது, மொட்டைமாடிக் கதவைப் பூட்டுவது, வாட்ச்மேனை மாற்றுவது எல்லாம் அவர் இஷ்டம். “அண்ணாச்சி, தண்ணி வரலியே” என்றால், “வரும், போங்க” என்பார். வரும். மாடியில் வடகம் காயப்போடக் கூடாது என்றார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை, அதில் ஒரு சுகமும் இருந்தது.

பிறகு அவர் அந்த வீட்டையும் விற்றுவிட்டுத் திசையன்விளையில் புதிதாக ஒரு கட்டடம் தொடங்கி அங்கேயே போய்விட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு அரசன் இல்லை. மோட்டார் அறைச் சாவியை ஆளாளுக்கு ஒன்று செய்துகொண்டார்கள். மேல்தொட்டி நிரம்பிப் படிக்கட்டில் அருவி கொட்டிய நாளும் உண்டு. அடுத்தவர் போட்டிருப்பார் என்று பதினாறு வீடும் நம்பிக்கொண்டு பல் தேய்க்கத் தண்ணீரில்லாமல் நின்ற நாளும் உண்டு. கார் நிறுத்துகிற இடத்தில் ஒருவர் கல் வைத்தார், மற்றவர் சங்கிலி போட்டார். அரசின்மை என்ற பாடத்தை அந்த வருடம் நான் எந்தப் புத்தகமும் இல்லாமல் நடத்தினேன்.

பொறுத்துப் பார்த்துவிட்டு முதல் மாடிக்காரர் களத்தில் இறங்கினார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில். குறுக்கே வண்டி நிறுத்தினால் விசில், குழந்தைகள் லிப்டில் விளையாடினால் விசில். தண்ணீர் ஒழுங்காக வந்தது. ஆனால் எல்லோரும் படியில் இறங்கும்போதே மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். ஒரு நாள் அவருடைய மனைவியே விசிலைப் பிடுங்கி வீசிவிட்டார். ராணுவ ஆட்சி இப்படியும் கவிழும் என்று எந்தப் பாடநூலிலும் இல்லை.

அந்த இடைவெளியில்தான் நான் மக்களாட்சியைக் கொண்டுவந்தேன். கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து சங்கத்துக்கு விதிகள் எழுதினேன். வீட்டுக்கு ஒரு ஓட்டு. பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் ஓட்டுப் போட வேண்டும். வாக்குச் சீட்டு ரகசியம். உரிமையாளரோ அவர் குடும்பத்தாரோ போட்டியிடலாம். ஏழு பேர் செயற்குழு, அதில் ஐந்து பேர் வந்தால்தான் கூட்டம். எல்லாம் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்த பிறகுதான் என் வீட்டுப் பத்திரம் என் வீட்டுக்காரர் பேரில் இருப்பது எனக்கு உறைத்தது. குடியரசை எழுதியவளுக்கே அதில் ஓட்டு இல்லை. முதல் மாடிக்காரர் சிரித்துக்கொண்டே, “திருத்தம் கொண்டு வந்துருவோமா மேடம்?” என்றார். எழுதின மறுநாளே திருத்துவதா என்று ரோஷம் வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போட்டியில்லாமல் தேர்வானேன். இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் எதிர் வீட்டுக்கு அவள் வந்தாள்.

கூடங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். கணவருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் கடலில். பெண்களின் கல்லூரிப் படிப்புக்காக இங்கே வீடு வாங்கியிருந்தார்கள், பத்திரம் அவள் பேரில். முதல் நாளே மீன் பொரிக்கிற வாடை எங்கள் தளம் முழுக்க நிறைந்தது. சைவ வீடுகள் அதிகம் உள்ள கட்டடம். நாலைந்து பேர் என்னிடம் முறையிட்டார்கள். “எழுதிக் கொடுங்க, செயற்குழுவுல வைக்கேன்” என்றேன். எழுதிக் கொடுப்பதற்குள் அவள் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, “எங்க குசினி ஜன்னல் உங்க பக்கமா பாக்குது, வாடை வருதா? வந்தா சொல்லுங்க, புகைபோக்கி வச்சுருதேன்” என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். முறையிட்டவர்கள் அவளிடம், “அதெல்லாம் ஒண்ணும் வரல அக்கா” என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா என்ற பட்டம் அன்றைக்குக் கட்டப்பட்டதுதான்.

சங்கக் கூட்டத்துக்கு வருவாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, செயலாளர் அறிக்கை வாசிக்கும்போது தூங்கிவிடுவாள். பொருளாளர் யார், துணைத்தலைவர் யார் என்று கடைசிவரை அவளுக்குத் தெரியாது. பால்கனியிலிருந்து குப்பை வீசுவதைக் கண்டித்து நாங்கள் ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம், தட்டச்சு செய்து லிப்டுக்குள் ஒட்டினோம். குப்பை பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. ஒரு நாள் இவள் நாலாம் மாடிக்கு ஏறிப்போய், “ஏட்டி, உன் வெண்டைக்கா எல்லாம் என் கொடித்துணி மேலதான் விழுது. நாளைக்கும் போட்டேன்னு வையி, பச்சடி வச்சு உங்க வீட்டுக்கே அனுப்பிருவேன்” என்றாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதோடு நின்றது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குப்பை நின்றதில் மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும், வரவில்லை. இன்னும் இரண்டு நாள் விழக் கூடாதா என்றிருந்தது. அதற்குப் பிறகு எதிர் வீட்டு அழைப்பு மணி ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் என் காது அங்கேதான் போகும். லிப்டில் ஒருவர் மாட்டிக்கொண்டால் உள்ளேயிருந்து, “அக்கா, அக்கா” என்றுதான் கத்துவார். லிப்ட் கம்பெனிக்காரரின் எண் என்னிடம்தான் இருந்தது. அவள் வந்து என்னிடம் வாங்கி அவருக்குப் பேசுவாள். நன்றி அவளுக்குப் போகும்.

அந்த நாட்களில் ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “அரசின்மைன்னா குழப்பம் மட்டும்தானா மேடம்? ஆளுறவங்க இல்லாமலே ஜனங்க தங்களுக்குள்ள ஒத்து நடந்துக்கிடலாம்னும் ஒரு கொள்கை இருக்குன்னு புத்தகத்துல போட்டுருக்கே?” என்று கேட்டாள். அந்தப் பத்தியை நான் எப்போதும் தாண்டிப் போய்விடுவேன். “அது காகிதத்துலதான். நடைமுறைக்கு ஒத்துவராது” என்று சொல்லிப் புத்தகத்தை மூடிய வேகத்தில் முன்வரிசைப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நடைமுறைக்கு ஒத்துவருவதை எதிர் வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்த கடுப்பு எனக்கு.

மார்கழி பிறந்ததும் வெள்ளம் வந்தது. நெல்லைக்காரர்கள் யாரும் மறக்காத மழை. விடிந்து பார்த்தால் தாமிரபரணி ஆறு சாலையைத் தாண்டி எங்கள் வாகன நிறுத்தத்துக்குள் வந்து நின்றது. மின்சாரம் இல்லை, கைப்பேசி எடுக்கவில்லை. நான் உடனே அவசரச் செயற்குழுவைக் கூட்டினேன். இரண்டாம் மாடிப் படித்திருப்பத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம், நானும் செயலாளரான முதல் மாடிக்காரரும். வேறு யாரும் வரவில்லை. ஐந்து பேர் இல்லாமல் எந்த முடிவும் செல்லாது என்று நான் எழுதிய விதி கையிலேயே இருந்தது. காத்திருந்தோம்.

கீழேயிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த செயலாளர், “நான் ஒரு எட்டு பாத்துட்டு வாரேன் மேடம்” என்று போனார். வரவில்லை. எட்டிப் பார்த்தேன். என் செயற்குழு மொத்தமும் முழங்கால் தண்ணீரில் நின்றது. அவள் சேலையை ஏத்திச் செருகிக்கொண்டு ஒரு ஸ்கூட்டரின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தாள். யாருக்கும் அவள் உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை. “அங்கன பிடிங்க, பைய, பைய” என்று அவள் சொல்ல, முன்னால் பிடித்திருந்தவர், “இல்ல அக்கா, இங்கன பிடிச்சாத்தான் ஏறும்” என்றார். “அப்பச் சரி, உங்க இஷ்டம்” என்று விட்டுவிட்டாள். வண்டிகள் ஒவ்வொன்றாகச் சரிவில் ஏறின. அதில் என் வண்டியும் ஒன்று. அதைத் தள்ளிக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து பேப்பரைத் தவிர எதையும் தூக்காத மனிதர்.

மதியம் எல்லோருக்கும் சேர்த்து அவள் வீட்டில் சமையல் நடந்தது. யார் யார் வீட்டிலிருந்தோ அரிசி, பருப்பு, காய் வந்தன. “சைவத்துக்கு அந்தப் பக்கம் புதுப் பானை வச்சாச்சு, யாரும் யோசிக்காதீங்க” என்று அவளே வாசலில் நின்று சொன்னாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “கூட்டம் முடிஞ்சுதா மேடம்? முடிஞ்சுதுன்னா கொஞ்சம் தேங்கா துருவித் தாங்க” என்றாள். அதில் கேலி துளியும் இல்லை. அதுதான் தாங்கவில்லை. கேலி செய்திருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். தலைவி உட்கார்ந்து தேங்காய் துருவினாள்.

வெள்ளம் வடிந்தது. எனக்குள் ஏறியது வடியவில்லை. அரசனுக்குப் பொறாமை வர வேண்டிய தேவையில்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. ஜனங்கள் தன்னை விரும்புகிறார்களா என்று அவன் எதற்கு யோசிக்க வேண்டும்? விசில் ஊதுகிறவருக்கும் அந்தக் கவலை கிடையாது. மக்களாட்சியில்தான் வருடத்துக்கு ஒரு தடவை வாசல் வாசலாகப் போய், என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்காமலே ஒருத்திக்கு அது கிடைக்கும்போது, கேட்டு வாங்கினவள் என்ன செய்வாள்?

சித்திரையில் பொதுக்குழு வந்தது. முதல் மாடிக்காரர், என் செயலாளர், தலைவர் பதவிக்கு அவள் பெயரை முன்மொழிந்தார். கடைசி வரிசையில் அவள் விழித்துக்கொண்டு, “ஐயய்யோ, எனக்கு என்னத்துக்கு? மேடம்தான் நல்லாப் பாக்காங்களே” என்றாள். அதோடு முடித்திருக்கலாம். நான்தான் விடவில்லை. ஒருவர் முன்மொழிந்தால் தேர்தல் நடந்தே ஆக வேண்டும், விலகுவதென்றால் பொதுக்குழுவுக்கு ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று விதியைப் படித்துக் காட்டினேன். செயலாளரே குழம்பிப்போய், “அவங்கதான் வேண்டாம்ங்காங்களே மேடம்?” என்றார். “விதின்னா விதிதான்” என்றேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது அவளுடைய விலகல் இல்லை. நிற்கட்டும், தோற்கட்டும், பதினாறு வீட்டுக்கும் முன்னால் எண்ணிக் காட்டட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டு என்று அறிவித்தேன்.

அந்த வாரம் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். அவள் எங்கும் போகவில்லை. என் வீட்டிலும் ஓட்டுக் கேட்டேன், வேடிக்கையாகத்தான். பேப்பருக்குப் பின்னாலிருந்த என் வீட்டுக்காரரிடம், “ஐயா, உங்க பொன்னான வாக்கை எனக்கே போடணும்” என்றேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சிரித்தார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். எனக்கு உறுதியான வீடுகள் எட்டு, என்னுடையதையும் சேர்த்து. ஒன்பதாவதை எங்கேயாவது பிடித்துவிடலாம் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வாகன நிறுத்தத்தில் மேஜை போட்டு ஓட்டெடுத்தோம். செயலாளர் சீட்டுகளை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். எட்டுக்கு எட்டு.

கூட்டத்தில் சலசலப்பு. அவள் எழுந்து நின்று, “நான் மேடத்துக்குத்தானே போட்டேன், பிறகு எப்படி இப்படி ஆச்சு?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஓட்டும் எனக்கு விழுந்திருந்தால் ஒன்பது வந்திருக்க வேண்டும். எட்டுதான் வந்திருக்கிறது என்றால் என் எட்டு வீடுகளில் ஒன்று மாறிப் போட்டிருக்கிறது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பார்க்க மறந்த முகம் ஒன்றே ஒன்றுதான்.

“சீட்டுக் குலுக்கிப் போடுங்க” என்றாள் அவளே. “எங்க ஊர்ல கரைவலை இழுக்க யாருக்கு எந்த முறைன்னு சீட்டுப் போட்டுத்தான் வைப்பாங்க. ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டாங்க.” வாக்குகள் சமமானால் அரசாங்கத் தேர்தலிலேயே குலுக்கல்தான். அதை வருடா வருடம் வகுப்பில் சொல்லுகிறவள் நான். அந்த நிமிடம் அது எனக்கு நினைவு வரவில்லை, அவளுக்கு வந்தது. அதற்கும் வயிறு எரிந்தது. எவர்சில்வர் தூக்குவாளியில் இரண்டு சீட்டைப் போட்டுக் குலுக்கினார் செயலாளர். என் பெயர் வந்தது. எல்லோரையும்விட பலமாகக் கை தட்டியவள் அவள்தான்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டேன். “எனக்கு வர வேண்டியதுல ஒரு ஓட்டு குறையுதே. யாராயிருக்கும்?”

அவர் சுற்றி வளைக்கவில்லை. “நான்தான். அந்த அம்மாவுக்குப் போட்டேன்.”

“ஏன்?” என்றேன்.

“கல்யாணமாகி இத்தனை வருசத்துல இந்த வீட்டுல எங்கிட்ட யாரு என்ன கேட்டா? எந்தப் பள்ளிக்கூடம், என்ன கலர் பெயிண்ட், எந்த ஊருக்குப் போகணும், எல்லாம் நீயே சொல்லுவே, நான் சரிம்பேன். போன வாரந்தான் முதல் தடவையா எங்கிட்ட ஓட்டுன்னு ஒண்ணு கேட்டே. கையில சீட்டும் தந்தாங்க. மறைவா எழுதலாம்னும் சொன்னாங்க.” செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, “எழுதிப் பாத்தேன்” என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

அன்றைக்கு முழுக்க நான் அவரோடு பேசவில்லை. மறுநாள் காலையில், நியாயமாக இருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, “தோசையா, இட்டிலியா? நீங்களே சொல்லுங்க” என்றேன். அவர் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தார். “உனக்கு எது சௌகரியமோ அதைச் செய்யி” என்றார். பழகின குடிமகன்.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, கல்லூரியிலிருந்து படியேறி வந்துகொண்டிருந்தேன். மேலே எங்கள் தளத்தில் பேச்சுச் சத்தம். அவளும் என் வீட்டுக்காரரும். அவர் குரல் உயர்ந்திருந்தது. அப்படி ஒரு குரல் அவருக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. “இல்லம்மா, நீங்க சொல்லுதது தப்பு” என்று அவர் சொல்ல, அவள், “என்ன தப்பு? நீங்கதான் தப்பாச் சொல்லுதீங்க” என்று சிரிக்க, அவர் விடாமல் மல்லுக்கு நின்றார். பேச்சு சொதிக் குழம்பைப் பற்றி. கடைசியில், “எங்க வீட்டுலயும் வைக்காங்க, தேங்காப்பால் எல்லாம் சரியாத்தான் இருக்கும், எலுமிச்சைதான் கூடிப் போகும்” என்றார். “அதை மேடத்துக்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?” என்று அவள் கேட்டாள். அவர் பேச்சைத் திரும்பவும் தேங்காப்பாலுக்கே கொண்டுபோனார்.

நான் படியில் அப்படியே நின்றேன். கல்யாணமான நாளிலிருந்து என் சொதியைச் சாப்பிடுகிற மனிதர். என்னிடம் ஒரு நாளும் ‘நீ சொல்லுதது தப்பு’ என்று சொன்னதில்லை. அதை நல்ல குணம் என்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் நான் பெருமை பேசியிருக்கிறேன். அக்கா என்ற பட்டம், கை தட்டல், அந்த எட்டு ஓட்டு எல்லாவற்றையும் அவள் வைத்துக்கொள்ளட்டும். இந்தச் சண்டையை மட்டும் அவள் எடுத்துக்கொண்டதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. சத்தம் அடங்கி இரண்டு கதவும் மூடிய பிறகுதான் மேலே போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்தேன். எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்தேன். அவர் ஒரு வாய் எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார், குனிந்துகொண்டார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நன்றாயிருக்கிறது என்று சொல்வார் என்று கரண்டியை வைத்துக்கொண்டு நின்றேன். எழுந்து கை கழுவினார். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். எதிர் வீட்டு மணி அடித்தது.